நீரில் கலந்ததா, தீவனத்தில் கலந்ததா? டைட்டானியம் டைஆக்சைடு குறித்த ஓர் ஆய்வின் மறுவாசிப்பும் வடசென்னையும்

உணவில் வெண்ணிறத்துக்காகச் சேர்க்கப்படும் டைட்டானியம் டைஆக்சைடு பற்றி நம் நாட்டில் எழுதப்படும் மீளாய்வுகளில், 2017ஆம் ஆண்டின் துலூஸ் ஆய்வுக்குப் பெரும்பாலும் ஒரு வாக்கியமே கிடைக்கிறது. எலிகளின் பெருங்குடலில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களை அது கண்டது என்று அந்த வாக்கியம் தொடங்கும்; பின்னர் நடந்த மறுசோதனையில் அது உறுதிப்படவில்லை என்று முடியும். அதன்பின் கட்டுரை வேறு பொருளுக்குப் போய்விடும். இந்த ஒற்றை வாக்கியத்தோடுதான் என் கருத்து வேறுபாடு. மறுசோதனை மறுத்தது எது, மறுக்காமல் விட்டது எது என்று பிரித்துப் பார்த்தால், துலூஸ் முடிவு இந்தியச் சூழலில், குறிப்பாக இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான தொழிற்பகுதியில், நாம் கருதியதைவிட வலுவாக நிற்கிறது என்பதே இங்கு நான் நிறுவ முயல்வது.

முதலில் அந்த ஆய்வு உண்மையில் செய்தது என்ன என்று பார்ப்போம். பிரான்சின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த துலூஸ் குழு, கடையில் விற்கும் உணவுத்தர நிறமியையே, அதாவது ஐரோப்பாவில் இ171 என்றும் இங்கே ஐஎன்எஸ் 171 என்றும் குறிக்கப்படும் பொருளையே எடுத்துக்கொண்டது. ஆய்வகத்துக்கென்று தயாரித்த தூய நானோப் பொடியை மட்டும் வைத்துக்கொண்டு உணவைப் பற்றிப் பேசும் பல ஆய்வுகளுக்கு வரும் குறை இதற்கு இல்லை. அந்த நிறமியில் எண்ணிக்கை அளவில் ஏறக்குறைய 45 சதவீதத் துகள்கள் 100 நானோமீட்டருக்குக் குறைவானவை. 2012இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட அளவீடு ஒன்று இதே வகை நிறமியில் இந்த விகிதத்தை 36 சதவீதம் என்று கண்டிருந்தது. எண் மாறினாலும் செய்தி ஒன்றுதான்: ‘உணவுத்தரம்’ என்ற பெயரில் விற்கப்படும் வெண்பொடியில் நானோ துகள்கள் எப்போதும் கலந்தே இருக்கின்றன. யாரும் அவற்றை வேண்டுமென்று சேர்ப்பதில்லை. அரைக்கும்போதும் படிகமாக்கும்போதும் தாமாகவே உண்டாகின்றன.

எலிகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் இது கொடுக்கப்பட்டது. ஏழு நாளில், சிறுகுடலின் நோய்த்தடுப்புத் திசுவான பேயர் திட்டுகளிலும் கல்லீரலிலும் டைட்டானியம் தென்பட்டது. தடுப்பு வினையை அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்கள் குறைந்தன. 100 நாள் குடிநீரில் கலந்து கொடுத்த எலிகளில் 11க்கு 4இல், பெருங்குடலின் உட்சுவரில் இயல்பு பிறழ்ந்த குழிகளின் சிறு குவியங்கள் காணப்பட்டன. வேறொரு பிரிவில், டைமெத்தில்ஹைட்ரசின் என்ற வேதிப்பொருளால் முன்பே குடல் காயப்படுத்தப்பட்ட எலிகளுக்கு இதே நிறமி கொடுக்கப்பட்டபோது, அந்தக் குவியங்கள் பெருகி வளர்ந்தன.

11க்கு 4 என்பது சிறிய எண். அதை நான் மறைக்கப் போவதில்லை. இந்தக் குவியங்கள் எல்லாம் புற்றாக மாறுவதுமில்லை, பெரும்பாலானவை மாறுவதில்லை. இந்த ஆய்வை மட்டும் வைத்து மனிதருக்குக் குடல் புற்று வரும் என்று சொல்ல முடியாது, துலூஸ் குழுவும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு முடிவு சிறியது என்பதும், அது தவறானது என்பதும் வேறு வேறு. நம் மீளாய்வுகள் முதலாவதைக் காட்டி இரண்டாவதைச் சொல்லிவிடுகின்றன.

இப்போது மறுசோதனைக்கு வருவோம். 2019இல் வெளியான அந்த ஆய்வு கவனமாகச் செய்யப்பட்டது; அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. அங்கும் ஆண் எலிகள், அங்கும் 7 நாள், 100 நாள் என்ற இரு காலங்கள், அங்கும் டைமெத்தில்ஹைட்ரசின் கொடுத்த பிரிவும் கொடுக்காத பிரிவும் இருந்தன. அளவோ கிலோ தீவனத்துக்கு 40, 400, 5000 மில்லிகிராம் என்று படிப்படியாக உயர்ந்தது. மேல் அளவு துலூஸ் எலிகள் பெற்றதைவிடப் பல மடங்கு அதிகம். இருந்தும் குடலில் அழற்சி இல்லை, நோய்த்தடுப்புச் செல்களில் மாற்றமில்லை, குவியங்களும் கூடவில்லை. இதை மேலோட்டமாகப் படிப்பவர் விவாதம் முடிந்தது என்றே நினைப்பார். பல மடங்கு கூடுதலாகக் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால், குறைவாகக் கொடுத்தபோது கண்டது தற்செயல்தானே?

அப்படி முடிவுகட்டும் முன் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். துலூஸ் எலிகள் நிறமியைக் குடிநீரில் பெற்றன. அதுவும் மீயொலி அதிர்வால் திரள்கள் பிரிக்கப்பட்ட கலவையாகப் பெற்றன. மறுசோதனை எலிகள் அதை உலர் தீவனத்தில் கலந்து பெற்றன. மறுப்பாளர்களின் வாதம் இதுதான்: நீரில் பிரித்து மிதக்கவிட்ட துகள் செயற்கையானது, மனிதர் இந்த நிறமியை உணவுக்குள் வைத்தே உண்கிறார்கள், ஆகவே தீவனச் சோதனையே உண்மைக்கு அருகில் இருக்கிறது. இந்த வாதத்தை எடுத்துவிட்டால் மறுசோதனை துலூஸ் முடிவை மறுத்ததாகாது. வேறொரு கேள்விக்கு வேறொரு விடை கண்டதாகவே ஆகும். ஆகவே எல்லாப் பாரமும் இந்த ஒரு வாதத்தின் மேல்தான் இறங்கியிருக்கிறது.

நானோ துகளில் எடையும் தொடுபரப்பும் ஒன்றல்ல என்பது இத்துறையில் அனைவரும் ஒப்புக்கொண்டது. ஒரே எடையுள்ள பொடி தனித்தனித் துகளாகப் பிரிந்திருந்தால் குடற்சுவரைத் தொடும் துகள்களின் எண்ணிக்கை மிக அதிகம். திரண்டிருந்தால் மிகக் குறைவு. அளவைக் கூட்டக் கூட்டத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் வாய்ப்பும் கூடுகிறது. கிலோவுக்கு 5000 மில்லிகிராம் கலந்த உலர் தீவனத்தில் தனித்து நின்ற துகள்கள், நீரில் பிரிக்கப்பட்ட 10 மில்லிகிராமில் நின்றவற்றைவிடக் கட்டாயம் அதிகம் என்று கொள்ள எந்தக் காரணமும் இல்லை. எனவே ‘பல மடங்கு அதிகம்’ என்ற சொற்றொடர் எடையைப் பொறுத்தவரை உண்மை. குடல் சந்தித்த துகள்களைப் பொறுத்தவரை அது நிறுவப்படாத ஊகம். அளவு கூடினால் விளைவும் கூட வேண்டும் என்ற பழைய நச்சியல் விதியை இங்கு அப்படியே பொருத்துவது இந்தப் பொருளின் இயல்பை மறப்பதாகும்.

இதே குறை 1979இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெளியிட்ட ஆய்வுக்கும் பொருந்தும். எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் 103 வாரம் தீவனத்தில் 2.5 சதவீதமும் 5 சதவீதமும் கலந்து கொடுத்து, புற்று இல்லை என்று அது முடிவு கண்டது. இன்றுவரை பாதுகாப்புக்கு முதல் சான்றாக அதையே காட்டுகிறார்கள். துகள் அளவு ஒரு கேள்வியாகவே கருதப்படாத காலத்து ஆய்வு அது. அதைக் குறை சொல்வதற்கில்லை; ஆனால் அது கேட்காத கேள்விக்கு அதிலிருந்து விடை எடுப்பதற்கும் இல்லை.

இனி, நீரில் கலந்தது செயற்கையா என்ற கேள்விக்கே வருகிறேன். இந்தக் கேள்வியை ஐரோப்பிய, அமெரிக்க மேசைகளில் வைத்துப் பார்த்தால் வரும் விடையை நம் மீளாய்வுகள் அப்படியே எடுத்துக்கொண்டன. அங்கே இந்த நிறமி சேர்க்கப்பட்டு வந்தவற்றில் கேக்கின் மேற்பூச்சும் சீஸும் சாலட் சாறும் அடங்கும். கொழுப்பும் மாவும் புரதமும் துகளைப் பற்றிக்கொள்ளும். இங்கே நம் சட்டம் எதை அனுமதித்தது என்று பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள் டைட்டானியம் டைஆக்சைடைத் தனியாகப் பெயர் சொல்லி அனுமதித்த இடங்களில் இரண்டு நம் வாதத்துக்கு முக்கியமானவை. ஒன்று சூயிங்கம், பபிள்கம். அவற்றில் 1 சதவீதம் வரை. மற்றொன்று பழச்சுவை பானத்துக்கான பொடிக் கலவை; அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை. பின்னர் வந்த திருத்தங்களால் அட்டவணைகளின் வடிவம் மாறியது. நிறமிக்கான அனுமதி மாறவில்லை.

இந்த இரண்டும் எப்படி உண்ணப்படுகின்றன? பொடிக் கலவை பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டி, கரண்டியால் கலக்கிக் குடிக்கிறோம். இதைவிட நேராகத் துலூஸ் எலிகளின் குடிநீர்ப் புட்டியோடு பொருந்தும் மனித உணவு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. சூயிங்கத்தைப் பல நிமிடம் வாயில் வைத்து மெல்கிறோம். உமிழ்நீரில் இருக்கும் புரதங்கள் துகளின் மேல் படிந்து அதைத் திரளாமல் காக்கக்கூடும். சர்க்கரைப் பூச்சுள்ள சூயிங்கத்தைப் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அதிலுள்ள டைட்டானியம் டைஆக்சைடில் 93 சதவீதத்துக்கு மேல் நானோ அளவினது என்றும், மெல்லும்போது அது எளிதில் பிரிந்து விழுங்கப்படுகிறது என்றும் கண்டது. மீயொலிக் கருவி துலூஸில் செய்த வேலையை இங்கே தாடையும் உமிழ்நீரும் ஓரளவுக்குச் செய்துவிடுகின்றன. ஓரளவு என்ற சொல்லை நான் பொறுப்போடுதான் எழுதுகிறேன். மீயொலி அதிர்வின் திறன் வாய்க்கு இல்லை. ஆனால் ‘நீரில் பிரிந்த துகளை மனிதர் உண்பதில்லை’ என்ற வாதத்தின் அடித்தளத்தை அகற்ற அந்த ஓரளவே போதும்.

அளவைப் பற்றிக் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டம்ளருக்கு 25 கிராம் பொடி என்று கொண்டால், உச்ச வரம்பில் அதிலுள்ள நிறமி 2.5 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது கிலோவுக்கு 0.125 மில்லிகிராம். துலூஸ் அளவில் எண்பதில் ஒரு பங்கு. இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் விலங்கில் கண்ட அளவிலிருந்து மனிதருக்கான வரம்பை வகுக்கும்போது நூறால் வகுப்பது உணவுச் சேர்க்கைத் துறையின் நெடுநாள் வழக்கம். அந்த நூறும் தீங்கு எதுவும் காணப்படாத அளவுக்கு உரியது. தீங்கு காணப்பட்ட அளவானால் இன்னும் கூடுதலாக வகுக்க வேண்டும். 10 மில்லிகிராமை நூறால் மட்டும் வகுத்தாலே 0.1 வருகிறது. ஒரே டம்ளர் அதைத் தாண்டிவிடுகிறது. சூயிங்கத்தில் கணக்கு இன்னும் கடுமையானது. 2.5 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் 1 சதவீதம் என்றால் 25 மில்லிகிராம். முழுவதும் விழுங்கப்பட்டால் அதே குழந்தைக்குக் கிலோவுக்கு 1.25. ஒரு நாளில் நான்கு துண்டு மெல்லும் பிள்ளை துலூஸ் எலியின் அளவில் பாதியை எட்டிவிடுகிறது. இவை உச்ச வரம்பில் போட்ட கணக்குகள். தயாரிப்பாளர் எல்லோரும் உச்சத்தில் நிற்பதில்லை. ஆனால் வரம்பு என்பதே உச்சத்தில் நிற்பவரை எண்ணி வகுக்கப்படுவது. அமெரிக்காவில் பத்து வயதுக்கு உட்பட்டோர் எல்லா உணவும் சேர்த்து நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை உட்கொள்வதாக 2012ஆம் ஆண்டின் அதே அளவீட்டு ஆய்வு மதிப்பிட்டது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

ஒழுங்குமுறை அமைப்புகளின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரான்சு 2020 ஜனவரி முதல் உணவில் இதை நிறுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதத்தில், மரபணுவைச் சேதப்படுத்தும் வாய்ப்பை விலக்க முடியவில்லை, ஆகவே பாதுகாப்பான அன்றாட அளவு எதையும் வகுக்க இயலாது என்றது. இயல்பு பிறழ்ந்த குழிகள் பற்றிய கவலையையும் சேர்த்தே குறிப்பிட்டது. 2022 ஆகஸ்டோடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இதன் உணவுப் பயன்பாடு முடிவுக்கு வந்தது. மறுபுறம், உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2023இல் இதற்கு வரம்பு தேவையில்லை என்ற தன் பழைய நிலையையே மீண்டும் உறுதிசெய்தது. கனடாவும் அமெரிக்காவும் தொடர்ந்து அனுமதிக்கின்றன. இந்த இரு முகாம்களும் ஏறக்குறைய ஒரே ஆய்வுத் தொகுப்பைத்தான் படித்தன. உடலுக்குள் உறிஞ்சப்படும் பங்கு மிகக் குறைவு என்பதில் இருவருக்கும் உடன்பாடு. குறைவாகப் போவது நாளடைவில் சேருமா, சேர்ந்தால் என்ன செய்யும் என்பதில்தான் பிரிகிறார்கள். பிரிவுக்குக் காரணம் சான்று அல்ல, சான்றின் இடைவெளியை யார் தலையில் வைப்பது என்ற முடிவு. ஐரோப்பாவில் விற்கத் தகாத ஒரு பண்டம் சென்னைத் துறைமுகத்தில் இறங்க இதன் பொருட்டு எந்தத் தடையும் இல்லை என்பது அந்த முடிவின் நடைமுறை விளைவு.

இதுவரை சொன்னது இந்தியா முழுமைக்கும் பொருந்தும். வடசென்னையை நான் தனியாக எடுப்பதற்குக் காரணம், துலூஸ் ஆய்வின் மற்றொரு பிரிவு. முன்பே காயப்பட்ட குடலில் நிறமி குவியங்களைப் பெருக்கியது என்ற முடிவை நம் மீளாய்வுகள் பேசுவதே இல்லை. டைமெத்தில்ஹைட்ரசின் என்பது ஆய்வகத்தில் எலிக்குக் கொடுக்கும் நஞ்சு, மனிதர் அதை உண்பதில்லை என்று தள்ளிவிடுகிறார்கள். நஞ்சின் பெயரைப் பார்க்கிறார்கள், அந்தப் பிரிவு கேட்ட கேள்வியைப் பார்ப்பதில்லை. வேறு ஏதோ ஒன்றால் ஏற்கெனவே சுமை ஏறியிருக்கும் குடலில் இந்த நிறமி என்ன செய்யும் என்பதே அங்கு கேட்கப்பட்டது. உணவுச் சேர்க்கைகளின் இடர் மதிப்பீடு இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒவ்வொரு பொருளும் தனியாக, வேறு எதுவும் நுழையாத ஒரு குடலுக்குள் நுழைவதாகவே அது கணக்கிடுகிறது.

அப்படிப்பட்ட குடல் எங்கும் இல்லை என்பதற்கு மனிதத் திசுவிலிருந்தே சான்று உண்டு. 1996இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, மனிதக் குடலின் நோய்த்தடுப்புத் திசுவில், பேயர் திட்டுகளின் அடியில் நிறம் ஏறிக் கிடக்கும் செல்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தது. அவற்றுக்குள் மூன்று வகைத் துகள்கள் இருந்தன. ஒன்று, உணவு நிறமியின் அளவும் படிக அமைப்பும் கொண்ட டைட்டானியம் டைஆக்சைடு. மற்றவை அலுமினியமும் சிலிக்கனும் சேர்ந்த துகள்களும் கலப்புச் சிலிக்கேட்டுகளும். ஒரே செல் வகை, ஒரே கிடங்கு. உணவிலிருந்து வருவதையும் மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும் வருவதையும் குடல் தனித்தனிக் கணக்கில் வைப்பதில்லை. என் வாதத்தின் இரண்டாம் கால் இந்தச் சான்றில்தான் ஊன்றியிருக்கிறது. துலூஸ் ஆய்வைவிடவும் இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

எண்ணூரில் மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும் வரும் அந்த இரண்டாம் கணக்கு எவ்வளவு பெரியது? 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்கள் 630, 1200 மெகாவாட். வல்லூர் 1500 மெகாவாட். நிலக்கரி ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் வருகிறது. 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் முதலில் இந்த நிலக்கரிக்காகவே கட்டப்பட்டது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். அந்தச் சாம்பலின் பெரும்பகுதி அலுமினிய சிலிக்கேட். அதில் டைட்டானியம் டைஆக்சைடு பொதுவாக 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் பக்கமுள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் உடைந்து, கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் ஆண்டுக்கணக்காகச் சாம்பல் படிந்தது, ஆழம் குறைந்தது, சேற்றின் நிறமே மாறியது. 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதை ஆராய்ந்து சீரமைப்புக்கு உத்தரவிட்டது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் மக்களுக்கு இது தீர்ப்பிலிருந்து தெரிய வந்த செய்தியல்ல. இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவருக்குக் காலடியில் இருப்பது சேறா சாம்பலா என்பது தெரியும்.

சாம்பல் துகள்களில் பெரும்பாலானவை மைக்ரான் அளவினவை. அவற்றை நானோ என்று சொல்வது தவறு. ஆனால் நானோ பங்கு ஒன்று உண்டு. அது சாதாரணமானதும் அல்ல. 2014இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் டான் ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் பெருமளவில் கலந்தது. அந்தச் சேற்றை ஆராய்ந்தவர்கள், நிலக்கரியில் இயல்பாக இருக்கும் டைட்டானியக் கனிமம் உலையில் ஆக்சிஜன் குறைந்த சூழலில் எரியும்போது, மக்னேலி நிலைகள் எனப்படும் ஆக்சிஜன் குறைந்த டைட்டானிய ஆக்சைடு நானோ துகள்களாக மாறுவதைக் கண்டு 2017இல் வெளியிட்டார்கள். இயற்கையில் மிக அரிதாகவே காணப்படும் பொருள் அது. வரிக்குதிரை மீன் கருக்களுக்கு அது நச்சாக அமைந்தது. டைட்டானியம் டைஆக்சைடின் நச்சுத்தன்மைக்கு வழக்கமாகக் காரணமாகச் சொல்லப்படும் ஒளியின் துணைகூட இல்லாமலே அப்படி ஆயிற்று. வேதியியல் எண்ணூருக்கு வேறாக இருக்கப்போவதில்லை. அதே தனிமம், அதே வகை உலை. நம் நிலக்கரியில் சாம்பலின் பங்கு மட்டும் அதிகம்.

இந்தத் துகள் வாய்க்கு வரும் வழியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மட்டியும் ஆளியும் நீரை வடிகட்டி உண்பவை. அவற்றைக் குடலோடு சேர்த்தே நாம் உண்கிறோம். சிறு மீன்களையும் அப்படித்தான். இறாலின் முதுகு நரம்பை எடுத்துவிட்டுச் சமைக்கும் வீடும் உண்டு, எடுக்காத வீடும் உண்டு. காற்றில் வரும் சாம்பல் திண்ணையிலும் குடத்து மூடியிலும் படிகிறது. மூச்சில் போன துகளில் ஒரு பகுதி சளியோடு மேலேறி விழுங்கப்பட்டுக் குடலுக்கே வருகிறது. திருவொற்றியூரில் பள்ளி விட்டு வந்து பெட்டிக்கடையில் சூயிங்கம் வாங்கும் பிள்ளையின் பேயர் திட்டுகளுக்குள் அதன் வெண்ணிறமியும் எண்ணூரின் அலுமினிய சிலிக்கேட்டும் சேர்ந்தே போகின்றன. விதிகள் அந்தப் பிள்ளையின் சூயிங்கத்தை மட்டும் எடை போடுகின்றன.

இங்கு நான் சொல்லாத ஒன்றையும் தெளிவாக்க வேண்டும். மக்னேலி துகளும் உணவு நிறமியும் ஒன்றல்ல. சாம்பல் டைமெத்தில்ஹைட்ரசினும் அல்ல. வடசென்னையில் குடல் நோய் கூடியிருப்பதாகவோ, கூடியிருந்தால் அதற்கு நிறமியே காரணம் என்றோ நான் வாதிடவில்லை. என் கூற்று இடர் மதிப்பீட்டின் முறையைப் பற்றியது. பாதுகாப்பு என்ற முடிவுக்கு இரண்டு எடுகோள்கள் தேவைப்படுகின்றன: துகள் நீரில் பிரிந்து வருவதில்லை, வேறு துகள் குடலில் இல்லை. முதலாவதை நம் விதியே பொய்யாக்குகிறது. இரண்டாவதை எண்ணூரின் புவியியல் பொய்யாக்குகிறது.

சில மறுப்புகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. டைட்டானியம் மண்ணில் இயல்பாக இருக்கிறதே என்பது அவற்றில் ஒன்று. மண்ணிலுள்ள இல்மனைட் மணலும் நானோமீட்டரில் அளக்கப்படும், அனாட்டேஸ் என்ற படிக வடிவிலான டைட்டானியம் டைஆக்சைடு துகளும் குடலுக்கு ஒன்றல்ல. 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் டைட்டானியம் டைஆக்சைடைப் புற்று ஊக்கியாக வகைப்படுத்தியதை ரத்து செய்ததே என்று இங்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த வழக்கு மூச்சுவழிப் பொடியைப் பற்றியது. உணவுத் தடையை அது தொடவில்லை. பிற பெரிய இடர்கள் நிறைந்த பகுதியில் இதைப் பேசுவது கவனத்தைத் திருப்பும் என்ற கவலை மட்டும் நேர்மையானது. எண்ணெய்க் கசிவும் அமோனியாக் கசிவும் கண்ட ஊரில் சூயிங்கத்தின் நிறம் ஒரு பொருளா என்று கேட்கலாம். நிறமி உடலுக்கு எதையும் தருவதில்லை, கண்ணுக்கு மட்டுமே. அதை நீக்க யாருடைய வேலையும் பறிபோகாது, எந்த உலையும் நிற்க வேண்டாம். சுமை மிகுந்த இடத்தில் எளிதில் இறக்கக்கூடிய சுமையை முதலில் இறக்குவதுதான் முறை.

இதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் சட்டத்தில் 18ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, கிடைத்த தகவலிலிருந்து உடல்நலத் தீங்குக்கான வாய்ப்பு அடையாளம் காணப்பட்டு அறிவியல் ஐயம் நீடிக்கும்போது, கூடுதல் தகவல் வரும்வரை இடைக்கால நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்கிறது. ஐயம் தீர்ந்த பிறகே செயல்பட வேண்டும் என்ற வாசிப்புக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. ஐயம் நீடிக்கும் நிலைக்காகவே அது எழுதப்பட்டது. 2020 ஜூலையில் உயிரித் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட நானோ வேளாண் இடுபொருள், உணவுப் பொருள் மதிப்பீட்டு வழிகாட்டிகள், புதிதாக நானோ என்று அறிவித்துக்கொண்டு வரும் பொருளை மனத்தில் கொண்டவை. நானோ என்று பெயரிடப்படாமலே பல பத்தாண்டுகளாக உணவில் இருக்கும் பழைய நிறமி அவற்றின் பார்வையில் படவில்லை. ஐஎன்எஸ் 171க்கான தரக் குறிப்பு தூய்மையையும் கனவுலோகங்களையும் எடை விகிதத்தில் கேட்கிறது. துகளின் அளவைக் கேட்பதில்லை. இடைக்கால நடவடிக்கை சூயிங்கத்திலும் பொடிப் பானத்திலும் இதை நிறுத்துவதில் தொடங்கலாம். அவ்விரண்டும்தான் துகளை நீரில் பிரித்து, குழந்தைகளுக்கு அதிகமாகத் தருபவை.

அதோடு சேர்ந்து செய்ய வேண்டிய அளவீடும் எட்டாத ஒன்றல்ல. கழிமுகத்தில் பிடிபட்ட மட்டியும் இறாலும், காசிமேட்டில் இறங்கும் ஆழ்கடல் மீனும், அதே தெருக்களில் விற்கும் சூயிங்கமும் பொடிப் பானமும் ஒரே முறையில், துகள் துகளாக எண்ணும் பிளாஸ்மா நிறைமானியில் அளக்கப்பட வேண்டும். உணவு நிறமி ஏறக்குறையத் தூய டைட்டானியம் டைஆக்சைடு. சாம்பல் துகளில் அலுமினியமும் சிலிக்கனும் ஒட்டியிருக்கும். எனவே ஒரு துகள் எந்த வழியில் வந்தது என்பதை அதன் கலவையே பெருமளவு காட்டிவிடும். மக்னேலி நிலையா அனாட்டேஸா என்பதை மின்னணு நுண்ணோக்கியில் படிகக் கோடுகளின் இடைவெளி பிரித்துக் காட்டும். அந்த வசதி ஐஐடி மெட்ராசில் இருக்கிறது. எலிச் சோதனையைத் திரும்பச் செய்ய முன்வரும் இந்திய ஆய்வகம் எதுவாயினும், நிறமியைத் தீவனத்தில் கலப்பதற்குப் பதிலாக, பொடிப் பானத்தை அதன் உறையில் எழுதியபடி நீரில் கலக்கி ஒரு குழுவுக்கும், அதே பானத்தோடு எண்ணூர்ச் சாம்பலின் நுண்பகுதியைச் சேர்த்து மற்றொரு குழுவுக்கும், சாம்பலை மட்டும் மூன்றாவது குழுவுக்கும் 100 நாள் கொடுத்து, ஒவ்வொரு குழுவிலும் 11க்கு மிகக் கூடுதலான எலிகளை வைத்துப் பார்க்க வேண்டும்.